வலி வருவதற்கு முன்

ரத்தநாள அறுவைப் பிரிவின் வராந்தா. காலை ஏழு மணி. தியேட்டர் கவுன் மாட்டிய பெரியவர் ஒருவர் சக்கர நாற்காலியில். எழுபதை ஒட்டிய வயது. ராத்திரியிலிருந்து பட்டினி. வலது கையில் இரண்டு விரல்களில் பீடிக்கறை.

"ஒரு வலியும் இல்லம்மா. எதுக்கு வயித்தக் கிழிக்கணும்?"

மகள் பதில் சொல்லவில்லை. எத்தனையாவது முறையோ.

சிறுநீரகத்தில் கல்லா என்று பார்க்கப்போன ஸ்கேனில் தற்செயலாக அகப்பட்ட வீக்கம் அது. வயிற்றுக்குள் இறங்கும் மகாதமனி 2 செ.மீ. அளவில் இருக்க வேண்டும், இவருக்கு 5.8. ஆண்களுக்கு 5.5 ஆனாலே சரிசெய்யச் சொல்கிறார்கள். சுவர் நைந்துகொண்டே போகும், வலிக்காது. இந்த நிலையில் திட்டமிட்டு அறுவை செய்தால் 100 பேரில் 95 பேராவது பிழைத்து வீடு திரும்புகிறார்கள்.

லிஃப்ட் திறந்தது. ஸ்ட்ரெச்சரில் இன்னொருவர், வெளுத்த உதடு, நெற்றி முழுக்கக் குளிர்ந்த வியர்வை. முதுகுவலி, வாயு என்று ஊரில் ஊசி போட்டிருக்கிறார்கள். விடியற்காலையில் மயக்கம். அதே குழாய், அதே வீக்கம், இவருக்கு வெடித்துவிட்டது. வெடித்தவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிப்பதில்லை. மேசை வரை வந்தவர்களிலும் மூன்றில் ஒருவரையாவது இழக்கிறார்கள்.

நர்ஸ் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவர் மனைவி கையெழுத்துப் போட்டார். ஒரு வரியும் படிக்கவில்லை. மூன்றாவது தாளில் தன் பெயரையே பாதியில் விட்டுவிட்டு, கதவைப் பார்த்தார். மகன் ரத்த மாதிரிக் குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ரத்த வங்கிக்கு ஓடினான்.

இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களைக் கூப்பிட்டு வயிற்றை ஸ்கேன் செய்கிறார்கள். சில நிமிட வேலை. இங்கே கல்லைத் தேடப்போனவருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம். நினைக்க நினைக்க ஆறவில்லை எனக்கு.

இளம் டாக்டர் பெரியவரிடம் வந்தார். "ஐயா, தியேட்டர் அவருக்கு வேணும். உங்களுக்கு நாளைக்கு வச்சுக்கலாம். இப்ப சாப்பிடுங்க."

மகள் முகம் சுருங்கியது. பெரியவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கும் இதேதானா?"

"ஆமா."

"என் தம்பியும் பீடி குடிப்பான் டாக்டர். அவனுக்கும் பாக்கணுமா?"

"கூடப்பிறந்தவருன்னா கட்டாயம் பாக்கணும். காலையில வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க."

பெரியவர் மகளிடம் போனைக் கேட்டு வாங்கினார்.