மண்சுவருக்குக் கல் கடைக்கால்

தை 18

மண்வீட்டின் ஆயுள் சுவரின் அடியில்தான் இருக்கிறது. ஈரம் ஊறினால் களிமண் பிடிப்பை விட்டுவிடும். அடி கரைந்த சுவர் எத்தனை தடிமனாக இருந்தாலும் நிற்காது. கல் கடைக்கால் பாரம் தாங்குவதோடு மண்ணைத் தண்ணீருக்கு எட்டாமலும் வைக்கிறது. இந்த இரண்டாவது வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைக்காலுக்குத் தோண்டும் வாணம் கெட்டிமண் வரை இறங்கவேண்டும். செம்மண் பூமியில் பெரும்பாலும் இரண்டு மூன்றடியில் அது கிடைத்துவிடும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அங்கே இன்னும் ஆழம் போய், மணல் நிரப்பி இறுக்கிய பிறகே கல்.

தோண்டிய மண்ணை வெளியே எறியாமல் வீட்டின் உள்பக்கமே கொட்டச் சொன்னவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007). தரையை உயர்த்த அதே மண்ணை மறுபடி சுமக்கும் கூலி மிச்சமாகிறது.

தை 21

கல் வரிசை தொடங்கும் நாள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிப்பது நல்ல கருங்கல். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம், ஒதுக்கிவிடவேண்டும். பெரிய கற்கள் அடியில், அகன்ற முகம் கீழே. தேர்ந்த கொத்தனார் கல்லைச் சாந்தில்லாமல் வைத்து, கையால் ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் திருப்பி வைப்பார். ஆடாமல் உட்கார்ந்த பிறகுதான் மண்சாந்து. இடுக்குகளில் சில்லுக்கல்லை அடித்து இறுக்கவேண்டும். வெறும் சாந்தை அப்பி மூடிய கடைக்கால் பார்வைக்கு மட்டுமே நேர்த்தி.

இரண்டு கல் சேரும் கோட்டை மேல்வரிசைக் கல் மூடவேண்டும். வரிசைதோறும் ஐந்தடிக்கு ஒன்றாக, உள்முகத்திலிருந்து வெளிமுகம் வரை ஓடும் நீளக்கல் அவசியம். அதை விட்டுவிட்டால் நாளடைவில் இரு முகங்களும் பிரிந்து நடுவில் உப்பும்.

தை 27

தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது கல் எழும்பவேண்டும். கூரையிலிருந்து விழும் தண்ணீர் தரையில் மோதித் தெறிக்கும் உயரம் அது. இந்தப் பகுதிக்குச் சுண்ணாம்புச் சாந்து ஏற்றது. கருங்கல் தண்ணீர் குடிப்பதில்லை, ஆனால் கற்களுக்கு இடையிலுள்ள மண்சாந்து வழியாக ஈரம் மேலேறும். வெளியே சிமெண்டு பூசினால் அந்த ஈரம் காற்றில் உலர வழியின்றி இன்னும் மேலேறி மண்சுவருக்கே போய்ச் சேரும். கல்லைப் பூசாமல் விடுவதே நல்லது.

அகலமான கல் மேடையின் நடுவே சுவரை எழுப்பும் வழக்கத்தையும் பேக்கர் கண்டித்தார். வெளியே நீளும் விளிம்பில் மழைநீர் தங்கி உள்ளே இறங்கும். சுவரின் வெளிமுகம் கல்லின் வெளிமுகத்தோடு ஒட்டி நின்றால் தண்ணீர் வழிந்து கீழே போய்விடும்; மிச்ச அகலம் வீட்டுக்குள் இருக்கட்டும்.

மாசி 2

சுற்றிலும் தரை வெளிப்பக்கம் சரியவேண்டும். பூச்செடிப் பாத்தியைக் கடைக்காலை ஒட்டிப் போடக்கூடாது. தினமும் ஊற்றும் தண்ணீர் நேரே அடிமண்ணுக்குத்தான் இறங்கும்.