மூங்கிலுக்கு ஓர் அறை

வேய்ங்குழல் தமிழர் செவிக்குப் புதியதன்று. ஆயர் கையில் ஒற்றைக் குழலாய் ஒலித்த அம்மூங்கில், ஒரே கருவியில் 902 குழல்களாய் அணிவகுத்து நிற்பதை அறியும்போது நாம் வியப்புறுகிறோம். பிலிப்பைன்சு நாட்டில், மணிலாவுக்குத் தெற்கேயுள்ள லாஸ் பின்யாஸ் என்னும் ஊரின் புனித சூசையப்பர் ஆலயத்தில் அவ்வார்கன் இருக்கிறது.

ஆர்கன் காற்றால் இசைப்பது. துருத்தி திரட்டித் தரும் காற்று, கட்டையை அழுத்தியதும் அதற்குரிய குழலில் புகுந்து ஒலியாகிறது. மேலை நாடுகளில் இக்குழல்களை வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகத்தாலும் மரத்தாலும் செய்வது வழக்கம். இசுபானியத் துறவி தியேகோ செராவோ, அம்மண்ணில் மிகுதியாய் விளைந்த மூங்கிலைத் தேர்ந்தார். 1816-இல் பணி தொடங்கிற்று. வெட்டிய மூங்கிலை மாதக்கணக்கில் மணலில் புதைத்து வைத்தார். பூச்சிக்கு இரையாகாது எஞ்சியவையே குழலாகும் தகுதி பெற்றன. எக்காள ஒலிக்கு உலோகத்தையே நாட வேண்டியதாயிற்று. உலோகக் குழல்கள் 129 சேர, மொத்தம் 1031 குழல்களுடன் 1824-இல் கருவி நிறைவுற்றது.

அதன்பின் நிலநடுக்கமும் புயலும் ஆலயத்தைத் தாக்கின. கருவி பழுதுற்றுச் சீர்குலைந்தது. 1973-இல் அதனைப் பிரித்துச் செருமனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினர். அந்நாட்டின் வறண்ட குளிர்காற்று மூங்கிலைப் பிளந்துவிடும் அன்றோ? ஆதலின் அக்கைவினைஞர், பிலிப்பைன்சின் வெப்பமும் ஈரமும் நிலவும் தனியறை ஒன்றை அமைத்து, அதனுள் வைத்தே மூங்கிலைப் பேணினர். 1975-இல் கருவி ஊர் திரும்பிற்று. மறு ஆண்டு முதல் அதனை நடுவாக வைத்து இசைவிழாவும் எடுக்கலாயினர்.

செப்பனிடும் திறத்தினும் அவ்வறையே நம் நெஞ்சில் நிற்கிறது. அயல்மொழி வழங்கும் நகரில் வாழும் நாம், நம் பிள்ளைகளின் நாவில் தமிழ் வறண்டு வருவதை நாள்தோறும் காண்கிறோம். தாத்தாவின் கடிதத்தை நாம் படித்துக் காட்டினாலன்றி அவர்கள் அறியார். சங்கத்தில் நாம் கூடிப் பேசும் சில மணி நேரமே அவர்களுக்கு வாய்த்த தாய்நிலத்துக் காற்று.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மூங்கில் ஈராண்டில் ஊர் திரும்பிவிட்டது. நம் பிள்ளைகள் திரும்புவர் என்னும் உறுதி நமக்கில்லை. ஆகவே, நம் அறையை நாம் அடைப்பதற்கில்லை.