வயல் வழியே வந்த இணையம்

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் மாவட்டத்தில் லூன் ஆறு ஓடுகிறது. இருபுறமும் கல் அடுக்கிய வேலிகள், புல்வெளிகள், செம்மறி ஆடுகள், கறவை மாடுகள். ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பல வயல்கள் கிடக்கும். பார்க்க அழகுதான். ஆனால், இணையக் கம்பி இழுக்கும் நிறுவனங்களுக்கு இது லாபமில்லாத ஊர். நகரங்களுக்கு வேகமான இணைப்பு வந்தபோது, இந்தக் கிராமங்கள் கடைமடை வயல்போலக் காய்ந்து கிடந்தன.

பணக்கார நாட்டிலும் இந்தப் பாகுபாட்டுக்கு விலை உண்டு. 2015-ல் அங்கே விவசாய மானிய விண்ணப்பத்தை இணையத்துக்கு மாற்றினார்கள். அரசின் இணையதளமே திணற, கடைசியில் காகிதப் படிவத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

அதற்கு முன்பே, 2011-ல், லூன் பகுதி மக்கள் கூடி 'பிஃபோர்ஆர்என்' என்ற சமூக நலச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். முன்நின்றவர்களில் ஒருவர் கிறிஸ் காண்டர் என்ற விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. இந்த வேலையில் கண்ணாடி இழைக் கம்பியைவிட, பள்ளம் தோண்டவும் வழிக்கு இடம் பெறவும்தான் அதிகச் செலவு. அதனால் விவசாயிகள் தங்கள் வயலில் குழாய் பதிக்க இலவசமாக இடம் விட்டார்கள். அவர்களே பள்ளமும் தோண்டினார்கள். தோண்டிய தூரத்தைக் கணக்கிட்டு, உழைப்பையே சங்கத்தில் பங்காக வரவு வைத்தார்கள். வினாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம். தொடக்கத்தில் மாதக் கட்டணம் 30 பவுண்டு. ஊர் நடுவில் இருக்கும் வீட்டுக்கும் ஒற்றைப் பண்ணை வீட்டுக்கும் ஒரே வேகம், ஒரே கட்டணம்.

இதிலும் ஒரு குறை உண்டு. கூடி உழைக்க ஆளும், முதல் போட வசதியும் உள்ள ஊருக்கே இது கைகூடும். மற்ற ஊர்களுக்கு அரசுதான் செய்ய வேண்டும்.

அதே 2011-ல்தான், நம் நாட்டில் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு தரும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். கம்பி ஊராட்சி அலுவலகத்தோடு நின்றால், காலனிக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் மலைக் குக்கிராமங்களுக்கும் பயனில்லை. உங்கள் ஊராட்சிக்கு இணைப்பு வந்துவிட்டதா, அங்கிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறது, எது விடுபட்டிருக்கிறது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வரப்போரம் குழாய் போக இடம் கேட்டு வந்தால், வண்டிப்பாதைக்கு விடுவதுபோல விட்டுக்கொடுங்கள்.