ஊசிக்கு ஏது ஆண், பெண்?

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சுவரோவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நாசி கண்டார் சாப்பிடுவார்கள். லிட்டில் இந்தியாவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருவார்கள். அதற்கு மேலும் கொஞ்சம் நேரம் இருந்தால், நடந்தே போய் இரண்டு தையல்களைப் பாருங்கள்.

முதல் தையல் சர்ச் தெருவில் இருக்கிறது. சீனத் தலைவர் சுங் கெங் குவீ 1890-களில் கட்டிய பச்சை மாளிகை இன்று பெரனாக்கான் அருங்காட்சியகம். மலாய் மண்ணில் வேரூன்றிய சீன வம்சாவளியினரைத்தான் பெரனாக்கான் என்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் 'நோன்யா'. கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்துக் காலணிக்கு மேல்பாகம் தைப்பது அவர்களின் கலை. மணப்பெண் தன் கையாலேயே மாப்பிள்ளைக்குக் காலணி தைக்க வேண்டும். அந்தத் தையலை வைத்துத்தான் அவளுடைய பொறுமையையும் வளர்ப்பையும் எடை போட்டார்கள். தைத்து முடித்த மேல்பாகம், அடிப்பாகம் பொருத்துவதற்காகக் காலணிக் கடைக்குப் போகும். அங்கே ஊசி பிடித்தவர் ஆண். காலணி ஒன்றுதான். வீட்டு ஊசிக்கு 'நல்ல பெண்' என்ற பெயர் கிடைத்தது. கடை ஊசிக்குக் கூலி கிடைத்தது.

இரண்டாவது தையலுக்குச் சூலியா தெருவுக்கு வர வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களின் பெயர் தாங்கிய தெரு அது. கிங் தெரு சந்திக்கும் மூலையில், நம் நாகூரை நினைவூட்டும் தர்கா நிற்கிறது. மலாய் ஆண்கள் அணியும் சொங்கோக் தொப்பியைத் தைப்பது இந்தப் பகுதித் தமிழ் முஸ்லிம் ஆண்களின் பழைய தொழில். வெளியே கறுப்பு வெல்வெட், உள்ளே வழுவழுப்பான துணி, நடுவே விறைப்புக்காக அட்டையோ பழைய நாளிதழோ. தலைச் சுற்றளவை அளந்து, பக்கப்பட்டியைத் தைத்து, முட்டை வடிவ மேல்பகுதியோடு சுருக்கம் விழாமல் இணைக்க வேண்டும். நோன்பு மாதத்தில் வேலை குவியும். இதைப் பார்த்து 'இது பெண்கள் வேலையாச்சே' என்று யாரும் சொன்னதில்லை.

சொல்வதற்குக் காரணமும் இல்லை. சிலப்பதிகாரத்தின் புகார் நகர வீதிகளிலேயே துன்னகாரர், அதாவது தையற்காரர், இருக்கிறார்கள். நம் கோயில் தேர்களில் தொங்கும் வண்ணத் தொம்பைகளைத் தைப்பதிலும் ஆண்களின் கை உண்டு. பிரான்ஸில் திமோனியே 1830-இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்பு போய்விடும் என்று பயந்து மறு ஆண்டே அவருடைய பட்டறையை அடித்து நொறுக்கியவர்கள், பாரிஸின் ஆண் தையற்காரர்கள்.

பிறகு சிங்கர் நிறுவனம் தவணை முறையில் இயந்திரத்தை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. தையல் இல்லத்தரசியின் அடையாளமானது. தமிழகத்திலும் அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் முதன்மையாகப் பெண்களுக்கானது. அதே ஊரில் கடைத்தெருவில் 'டெய்லர்' என்றால் ஆண்தான் நினைவுக்கு வருகிறார். காசு வந்தால் ஆண் தைக்கலாம். ஆசைக்காகத் தைத்தால் மட்டும் கேலி. பூத்தையல் போட விரும்பும் பையனை முதலில் கிண்டல் செய்வது பெரும்பாலும் அவன் வீட்டு மனிதர்கள்தான்.

சொங்கோக் தொழிலுக்கு இப்போது சோதனைக் காலம். பினாங்கில் பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு விலகியது. வாடகை ஏற, சிறு தொழில்கள் பல இடம் பெயர்ந்தன. 2008-இல் நகரம் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. கைகளுக்கு வாரிசு கிடைப்பது கடினமாகவே இருக்கிறது. தொழிற்சாலைத் தொப்பி மலிவு. படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் தொழிலாக வேண்டாம் என்றாலும், கைப்பழக்கமாக இருக்கலாமே? பினாங்கிலிருந்து மகளுக்கு மணிக்காலணி வாங்கி வருகிற அப்பாக்கள், மகனுக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுத் தரலாம். பட்டன் அறுந்த சட்டை எந்த வீட்டிலும் ஒன்றாவது கிடக்கும். அதிலிருந்தே தொடங்கலாம்.