விருந்து மேசையில் செண்டுமல்லி

எங்கள் கரையாம்புத்தூரில், சென்ற தை முகூர்த்தத்தில் நிகழ்ந்த என் தங்கை மகளின் விவாகத்தில், காலையில் வைத்தால் அந்திக்குள் தலை கவிழும் வெட்டுப்பூக்களை விலைகொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, கார்த்திகைத் தொடக்கத்திலேயே விதையிட்டு வளர்த்த செண்டுமல்லித் தொட்டிகளையே விருந்து மேசைகளின் நடுவே அலங்காரமாக வைத்தோம். நாற்று சாண் உயரம் எட்டியதும் நுனிக்குருத்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் பூக்கும். கிள்ளாத செடியோ ஒற்றைத் தண்டாக நெடிதுயர்ந்து, எதிரே அமர்ந்த சம்பந்தியின் முகத்தையே மறைத்துவிடும். தொட்டிகளுக்கும் அலையவேண்டியதில்லை, புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் தொழில் நம் புதுச்சேரிப் பிரதேசத்திலேயே இருக்கிறது.

மேசையில் தொட்டிச்செடி வைத்ததை நூதனம் என்று சிலர் அதிசயித்தனர். ஆனால், பாலிகைக் கிண்ணங்களில் நவதானியம் தெளித்து, சுமங்கலிகள் நீர் வார்க்க, அம்முளைகளை மணவறையில் வைத்து மாங்கல்யதாரணம் நடத்திவரும் குடும்பங்களுக்கு, மண்ணோடு கூடிய பசுமை பந்தலுக்குப் புதிதன்று.

விருந்து முடிந்ததும் தொட்டிகள் தாம்பூலப் பைகளோடு உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டன. வைகாசியில் முகூர்த்தம் குறித்திருப்பவர்கள் பங்குனித் தொடக்கத்திலேயே விதையிட்டுவிடுங்கள். வேண்டுவோர் கேளுங்கள், உலர்ந்த பூக்களிலிருந்து விதை எடுத்து வைத்திருக்கிறேன்.