கூட்டத்தின் எழுதாச் சட்டம்

வேலைத்தலத்தில் குறைவாக உழைப்பவரைச் சோம்பேறி என்றும், அதிகமாக உழைப்பவரைக் கெட்டிக்காரர் என்றும் சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒருவரின் நடத்தைக்கு அவருடைய குணம் மட்டுமே காரணமன்று. அவரைச் சூழ்ந்திருக்கும் கூட்டமும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த சிசரோ நகரில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலை 1983 வரை இயங்கி வந்தது. அங்கே 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் வேலையில் இருந்த 14 ஆண்களை ஒரு தனி அறையில் அமர்த்தி ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். குழுவின் மொத்த உற்பத்தி கூடினால் எல்லோருக்கும் கூலி கூடும் என்பது ஏற்பாடு. அப்படியிருந்தும் அவர்கள் ஓடியோடி உழைக்கவில்லை. நாளொன்றுக்கு இரண்டு கருவிகள் போதும் என்று தாமே ஓர் அளவு வைத்திருந்தார்கள். அதை மீறியவருக்குக் கேலியும் புஜத்தில் ஒரு குத்தும் கிடைத்தன. மிகக் குறைவாகச் செய்தவருக்கும் ஏச்சுதான். மேலதிகாரியிடம் கோள் சொல்பவரை ஒருவரும் பொறுப்பதில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், மிகக் குறைவாக வேலை செய்தவரே அறிவுச் சோதனையில் முதலாவதாக நின்றார்! திறமைக்கும் உற்பத்திக்கும் அங்கே தொடர்பு இருக்கவில்லை. அதிகம் செய்து காட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், சிலருக்கு வேலையே போகும் என்ற அச்சம்தான் அந்த எழுதாச் சட்டத்தின் வேர். வேலையில்லாத் திண்டாட்டம் நாட்டை வாட்டிய காலம் அது.

புலம்பெயர்ந்து வந்த தமிழர் பலர் இத்தகைய சட்டத்தில் அறியாமல் இடறுகிறார்கள். தேநீர் இடைவேளையிலும் இருக்கையை விட்டு எழாமல், மற்றவர்களுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டு, "இன்னும் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார் புதியவர். சில நாட்களில் சக ஊழியர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். தம் நிறத்தால்தான் ஒதுக்குகிறார்கள் என்று அவர் மனம் நோகிறார். நிறபேதம் இல்லை என்று சொல்ல முடியாது. அது உள்ள இடத்தில் எதிர்த்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் சில இடங்களில் அவர்களைத் தூண்டுவது, தங்கள் பிழைப்புக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றிய பயமே.

கூட்டத்துக்கு எப்போதும் பணிய வேண்டும் என்பதில்லை. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலறிஞர், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிப் பலரைச் சோதித்தார். கூட இருந்த அனைவரும் தவறான விடை சொன்னபோது பலர் தாமும் ஓரிரு முறையாவது அதையே சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லித் துணை நின்றபோது அந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்தது.

சங்கத்தின் பிரசாத சமையலறைக்கும் இது பொருந்தும். தொண்டு செய்ய வந்த புதியவரிடம், "இங்கே அப்படிச் செய்வதில்லை" என்று மட்டும் சொன்னால், அடுத்த வாரம் அவர் வராமற்போகலாம். வழக்கத்தையும் அதன் காரணத்தையும் ஒருவர் அருகிருந்து சொல்லிக்கொடுத்தால், அவரும் தேர்வடத்தில் ஒரு கை வைப்பார்.