குண்டு பொறுக்குகிறவர்கள்

அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்து பிட்டர்ரூட் மலையடிவாரத்திலே, வேட்டைத் துப்பாக்கிக்கு வேண்டிய தோட்டாக்களைக் கடையில் வாங்காமல் தம் கையாலேயே அடைத்துக்கொள்ளும் தச்சர் ஒருவருடைய பட்டறைக்குச் சென்றிருந்தேன். எல்க் மான் வேட்டைக்கு ஊரே ஆயத்தமாகிக்கொண்டிருந்த சமயம் அது. வெடிமருந்தும் பித்தளைக் கூடுகளும் அலமாரியில் இருக்க, மேஜைமீது ஒரு தராசும், ஓர் அளவுக் கருவியும், நூறு குண்டுகள் அடங்கிய பெட்டியுமே காணப்பட்டன. தச்சரும், அவரிடம் இந்த வித்தையைப் பழக வந்திருந்த அண்டை வீட்டுப் பெண்ணும், குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து வெவ்வேறு கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எடையைத்தானே முதலில் பார்க்கவேண்டும்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஐயா. தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறதல்லவா!" என்றார் தச்சர்.

குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் நம் தட்டாருடைய குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. 180 கிரெயின் குண்டில் கால் கிரெயின் கூடினாலும் குறைந்தாலும் இலக்கில் அது பெரிதாகத் தெரிவதில்லை என்பது அவர் அபிப்பிராயம். அவருடைய விசாரமெல்லாம் வடிவத்தைப் பற்றியது. குண்டின் அடிப்பாகத்திலிருந்து, முனையை நோக்கிச் சரியும் வளைவு குழலின் திருகு வரிகளை முதன்முதலாகத் தொடும் இடம்வரை உள்ள நீளம் குண்டுக்குக் குண்டு மாறுமானால், ஒன்று கூட்டுக்குள் சற்று ஆழ்ந்தும் மற்றொன்று சற்று மேலேறியும் அமர, மருந்துக்கு எஞ்சும் இடமும், குழலை உராயும் பரப்பும், அவற்றின் விளைவாக அழுத்தமும் வேகமும் பேதப்பட்டுவிடும். முழு நீளத்தை அளப்பதால் பிரயோஜனம் குறைவு. துளைமுனைக் குண்டுகளில், ஈயத்தைச் சூழ்ந்த உலோகச் சட்டையின் வாய் ஒழுங்கற்றிருப்பது சகஜம். பல அச்சுகளில் அழுத்தி எடுத்தவை ஒரே பெட்டியில் கலப்பதும், அச்சுகள் நாளடைவில் தேய்வதும் உண்டாகையால், ஒரே தயாரிப்பு எண் கொண்ட பெட்டிகளையே அவர் சேர்த்து வாங்குகிறார்.

கருவிக்கு அகப்படாத தோஷம் ஒன்றும் இருக்கிறது. செம்பில் சிறிது துத்தநாகம் கலந்த தகட்டைக் கிண்ணமாக்கி, இழுத்து நீட்டிச் சட்டையாக்கி, அதனுள் ஈயத்தை இறுக்கித்தான் குண்டு செய்கிறார்கள். அந்தச் சட்டை ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்துவிட்டால், பாரத்தின் மையம் அச்சைவிட்டு விலகிவிடும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றாகத் திரும்பும் குழலிலிருந்து நொடிக்கு 3,000 அடி வேகத்தில் புறப்படும் குண்டு நிமிஷத்துக்கு 2,16,000 முறை சுழல்கிறது என்றால், அந்த அற்ப விலகல் என்ன செய்யும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மாஸசூஸெட்ஸ் வைத்தியர் ஃபிராங்க்லின் மேன் 1909இல் வெளியிட்ட நூல் இத்தகைய சமநிலைக் குறைகளையே பெரிதும் ஆராய்கிறது. சுட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்குத் தச்சரிடம் வேறு உபாயம் இல்லை.

பந்தயத்துக்கென்று செய்த குண்டுகள் இன்னும் ஒரே சீராக இருக்குமே, அவற்றை ஏன் கொள்ளக்கூடாது என்று கேட்டதற்கு அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். காகிதத்தைத் துளைத்தால் போதும் என்று செய்த குண்டு, மிருகத்தின் உடலில் சிதறிவிடலாம். விரியாமலே கடந்தும் போய்விடலாம். வேட்டைக்காரர் ஜான் நாஸ்லர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய மூஸ் மான் ஒன்றைச் சுட்டபோது, குண்டு ஆழப் பாயவில்லை. ஈயத்தின் நடுவே செம்புச் சுவர் வைத்த குண்டை அவர் உருவாக்கியது அதன் பின்னர்தான். மிருகம் வாதைப்படாமல் உடனே விழவேண்டும் என்ற சிரத்தை, பொறுக்கும் சிரத்தைக்கு முன்னே வரவேண்டும் என்பதில் குருவுக்கும் சிஷ்யைக்கும் பேதமில்லை.

மாலையில் புல்வெளிக்குப் போனோம். தள்ளிய குண்டுகளில் சிலவற்றையும் பொறுக்கியவற்றில் சிலவற்றையும் அவள் மாற்றி மாற்றிச் சுட்டாள். 100 கஜத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை; 600 கஜத்திலோ தள்ளியவை பலகையில் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தன. எனக்கு அப்போது ஒரு சந்தேகம் எழுந்தது. பக்கவாட்டில் மணிக்குப் பத்து மைல் காற்று வீசினாலே 500 கஜத்தில் குண்டு ஓரடிக்கும் மேல் விலகிவிடும் என்கிறார்கள். அப்படியிருக்க, இத்தனை சூக்ஷ்மமான பொறுக்கலில் ஒரு பங்காவது குழலுக்காக அன்றி மனத்தின் சமாதானத்துக்காகத்தானோ? கேட்டேன். தச்சர் மறுக்கவில்லை.

"இந்தத் தூரத்தில் மானைச் சுடுவீர்களா?"

"இல்லை, ஐயா. 300 கஜத்துக்கு அப்பால் நின்றால் நான் நடந்து கிட்டப் போவேன்" என்றார் அவர். அதற்குள் அவள் தள்ளிய குண்டுகளில் எஞ்சியவற்றை, பழகுவதற்கென்று வேறு டப்பாவில் கொட்டி மூடியிருந்தாள்.